42-ம் 43-ம் சேர்ந்து 4243 ஆகிறது: நெட்வொர்க் புரோகிராமிங் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கடைமடை (கோட்டூர் பக்கம், திருவாரூர் மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. திருத்துறைப்பூண்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு மூன்று கிலோமீட்டர் நடப்பார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த நடையை நிறுத்தத்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன்.

தலைப்பு மதகில் ஒன்றும் நடு மதகில் ஒன்றுமாக, தண்ணீர் மட்டம் அளக்கும் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறேன். ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, சிம் போட்ட மோடம், அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டத்தை சென்டிமீட்டரில் அனுப்பும். மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வரில் பைத்தானில் நான் எழுதிய புரோகிராம் அதை வாங்கிக்கொள்ளும். வீடியோ பார்த்து எழுதியது, நாற்பது வரி இருக்கும்.

இரண்டு பிரச்சினை. ஒன்று, சில நேரம் 42, 43 என்று தனித்தனியாக வர வேண்டியது 4243 என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டாவது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சர்வர் அப்படியே நின்றுவிடுகிறது. எந்தப் பிழையும் காட்டுவதில்லை. நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் சரியாகிவிடும். போன முறை தண்ணீர் வந்த ராத்திரியில்தான் நின்றது. அப்பா நடந்தே போனார்.

வீடியோக்களில் எல்லாரும் ஒரே உதாரணத்தைத்தான் காட்டுகிறார்கள். முறையாகப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தேடினால் நூறு பெயர் வருகிறது. 1,500 ரூபாய்க்குள் ஒரு புத்தகம் வாங்க முடியும். எதை வாங்குவது?

முத்துப்பேட்டை (இப்போது சிங்கப்பூரில் வேலை)

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கு சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கோடு நேரடியாகப் பேசும் வாசல்) அளவுக்கு இறங்க வேண்டியதே இல்லை. எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் நெறிமுறை இந்த மாதிரி வேலைக்கென்றே வந்தது. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் சேர்ந்து உருவாக்கினார்கள். எங்கோ கிடக்கும் எண்ணெய்க் குழாய்களின் அளவை செயற்கைக்கோள் வழியாக, குறைந்த செலவில், அறுந்து அறுந்து வரும் இணைப்பில் வாங்கத்தான். உங்கள் வாய்க்காலும் அதே கதைதான். சர்வரில் அதற்கான மொஸ்கிட்டோ என்ற புரோகிராமை நிறுவுங்கள், போர்டில் அதற்கான லைப்ரரியைப் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

புத்தகம் என்றால் கோ மொழியில் படியுங்கள். ஆடம் வுட்பெக் எழுதிய புத்தகம் 2021-ல் வந்தது. நான் அதில்தான் கற்றேன். சி மொழியில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

முத்துப்பேட்டைத் தம்பி சொன்னது வேலைக்குச் சரியான வழி. அப்பாவின் நடையை இந்த வாரமே நிறுத்த வேண்டும் என்றால் அதையே செய்யுங்கள். ஆனால் தங்கை கேட்டிருப்பது வேறு. கற்றுக்கொள்ள எது என்று கேட்கிறார். பதினாறு வருடம் தொலைத்தொடர்பு சர்வர்கள் எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் இரண்டு பிரச்சினையும் உங்கள் தவறு என்பதைவிட உங்களுக்குச் சொல்லித்தந்த வீடியோ விட்டுவிட்ட இடம் என்பதுதான் சரி. உங்கள் போர்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் டிசிபி என்ற நெறிமுறை தருவது பைட்டுகளின் ஓட்டம். செய்திகள் என்ற கணக்கே அதற்குக் கிடையாது. வாய்க்கால் தலைப்பில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், கடைசியில் நிற்பவர் எது யார் குடம் என்று பிரிக்க முடியுமா? சிக்னல் குறைந்த நேரத்தில் போர்டு அனுப்பிய 42 மோடத்திலேயே காத்துக்கிடக்கிறது. அதற்குள் 43 பின்னால் வந்து நிற்கிறது. சிக்னல் வந்ததும் இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன. உங்கள் சர்வர் ஒரே மூச்சில் 4243 என்று வாங்கிக்கொள்கிறது. இதற்குத் தலைகீழும் நடக்கும்: 4 மட்டும் முதலில் வரும், 2 அடுத்த தடவை வரும். ஒவ்வொரு அளவுக்குப் பின்னும் வரி முடிவுக் குறி போட்டு அனுப்புங்கள். சர்வர் பக்கம், அந்தக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, வந்த பிறகு வெட்டி எடுங்கள். முதல் பிரச்சினை தீர்ந்தது.

உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் கசியும், முன்பின் கலக்கும். டிசிபியில் பைட்டுகள் வரிசை மாறாமல், விடுபடாமல் வரும். இல்லையென்றால் இணைப்பு அறுந்தது என்று சொல்லிவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் உங்கள் இரண்டாவது பிரச்சினை இருக்கிறது. அறுந்தது என்பது எப்போது தெரியும்? போர்டு ஒழுங்காக இணைப்பை மூடினால் சர்வருக்குச் செய்தி வரும். கரண்ட் போய் போர்டு அணைந்துவிட்டால் எந்தச் செய்தியும் வராது. சர்வர் எதையும் அனுப்பாமல் படிக்க மட்டும் காத்திருந்தால், எதிர்முனை செத்தது அதற்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் ஒரே நூலில் (த்ரெட்), அதாவது ஒரு நேரத்தில் ஒரு இணைப்பை மட்டும் பார்த்து ஓடும் சர்வர் எழுதியிருப்பீர்கள். அது இறந்துபோன இணைப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும். நடு மதகிலிருந்து வருவது வாசலில் நிற்கும். டிசிபியிலேயே உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் வசதி உண்டு. ஆனால் அதை நாம்தான் போட வேண்டும். லினக்ஸில் அதன் இயல்பான காத்திருப்பு 7200 வினாடி, இரண்டு மணி நேரம். தண்ணீர் வந்து போய்விடும். எனவே உங்கள் புரோகிராமிலேயே டைம்அவுட் வையுங்கள்: மூன்று நிமிடம் ஒன்றும் வரவில்லையா, மூடிவிட்டு அடுத்ததைப் பார்.

இனி புத்தகம். கடைக்குப் போய் நின்றாலும் இணையத்தில் சில பக்கங்களைப் புரட்டினாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் புத்தகம் கெட்டுப்போவதைப் பற்றி எவ்வளவு பேசுகிறது? எல்லாம் நன்றாக நடக்கும்போது என்ன ஆகும் என்பதை முப்பது வரியில் யாரும் சொல்லிவிடலாம். கேட்டதைவிடக் குறைவான பைட்டுகள் வந்தால் என்ன, எதிர்முனை சொல்லாமல் போனால் என்ன, நடுவில் கம்பி அறுந்தால் என்ன, சர்வரை நிறுத்தி உடனே ஓடவிட்டால் முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று ஏன் மறுக்கிறது. இவற்றுக்குத் தனித்தனிப் பகுதி இருக்கிற புத்தகம் நல்ல புத்தகம். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவில் டைம்அவுட் என்ற சொல்லைத் தேடுங்கள். எத்தனை பக்க எண் இருக்கிறது என்று எண்ணுங்கள். எனக்கு இது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

அந்தக் கணக்கில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் ‘யுனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்’ முதல் பாகத்துக்கு நிகர் இன்னும் வரவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் பாருங்கள். அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பும் குட்டி சர்வர் ஒன்றை எழுதுகிறார். அதன்பின் அத்தியாயம் முழுக்க அதை உடைக்கிறார். சர்வர் புரோகிராம் செத்தால், சர்வர் கணினியே விழுந்தால், விழுந்து மறுபடி எழுந்தால், முறையாக அணைத்தால் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பியில் என்ன போகிறது, புரோகிராமுக்கு என்ன தெரிகிறது என்று காட்டுகிறார். உங்கள் போர்டில் கரண்ட் போன கதை அதில் அப்படியே இருக்கிறது, முனைதான் மாறியிருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்)

வெண்ணாற்றங்கரை சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் இந்தப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு கவலை. ஸ்டீவன்ஸை முதல் புத்தகமாகக் கையில் கொடுத்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் நூறாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. அடிப்படை இல்லாமல் சாக்கெட் எழுதுகிறவர்கள் மந்திரம் போல ஐந்து வரியை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது.

குரோஸும் ராஸும் எழுதிய ‘கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்’ புத்தகத்தை எடும்மா. மேலிருந்து கீழே இறங்கும் புத்தகம் அது. நீ அன்றாடம் பயன்படுத்தும் வெப், மெயில் என்று தொடங்கி, கம்பி வரை இறங்கும். இரண்டாம் அத்தியாயத்திலேயே சாக்கெட் புரோகிராம் வந்துவிடும். ஆறாம் பதிப்பிலிருந்து அந்தப் பகுதி பைத்தானில் இருக்கிறது. உனக்குத் தெரிந்த மொழி. கம்பியில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, காட்டும் வயர்ஷார்க் மென்பொருளுக்கான பயிற்சிகளை ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் நெட்வொர்க் படிப்பது, ஆற்றைப் பார்க்காமல் நீச்சல் படிப்பது போலத்தான்.

டானன்பாமின் புத்தகமும் நல்ல புத்தகம்தான். 1981-லிருந்து பதிப்பு மாறி மாறி வருகிறது, நானும் அதில்தான் படித்தேன். கீழிருந்து மேலே ஏறும் புத்தகம் என்பதால் நீ தேடும் இடத்துக்கு வர நாளாகும்.

ஏன் அடிப்படை வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1986-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், சுமார் 400 கஜ தூரம்தான், நொடிக்கு 32,000 பிட் போக வேண்டிய இணைப்பில் 40 பிட்தான் போனது. கம்பி அறுபடவில்லை. நெரிசல் வந்ததும் எல்லாக் கணினியும் பதில் வரவில்லையே என்று அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பின, நெரிசல் இன்னும் ஏறியது. வான் ஜேகப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வு, எளிதாகச் சொன்னால், நெரிசல் தெரிந்தால் எல்லாரும் மதகைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது, பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்ப்பது. முறைப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரே நிமிடத்தில் புரியும். வகுப்பில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்று. டிசிபிக்கு மாற்றான எளிய நெறிமுறை யுடிபி. அதன் அதிகாரபூர்வ விதி, ஆர்எஃப்சி 768, 1980-ல் வந்தது, மூன்றே பக்கம். இன்றைக்கே படித்துவிடலாம். உலகம் முழுவதும் இயங்கும் ஒன்றின் முழு விதியையும் படித்து முடித்தோம் என்ற தெம்பு ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைமடை

அண்ணா, சார், ரொம்ப நன்றி. வரி முடிவுக் குறி போட்டுவிட்டேன். டைம்அவுட்டும் வைத்துவிட்டேன். இரண்டும் சேர்த்து பதினோரு வரிதான். ஒன்றரை மாதமாக நான் தேடியது இந்தப் பதினோரு வரியை.

எம்கியூடிடி பிறகு நிச்சயம் பார்க்கிறேன் முத்துப்பேட்டை அண்ணா. ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போட ஆசை.

இரண்டு சந்தேகம். திருச்சியில் பழைய புத்தகக் கடையில் ஸ்டீவன்ஸ் புத்தகம் 150 ரூபாய்க்கு இருப்பதாகத் தோழி சொன்னாள். 1990 என்று போட்டிருக்கிறதாம். வாங்கலாமா? அப்புறம், நான் பிளஸ் டூ வரை தமிழ்வழி. ஆங்கிலத்தில் பாடப்புத்தகம் படிப்பேன், ஆனால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆயிரம் பக்கப் புத்தகத்தை என்னால் முடிக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை

150 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம். 1990 என்றால் முதல் பதிப்பு. அதில் இன்று யாரும் பயன்படுத்தாத எக்ஸ்என்எஸ் போன்ற பழைய நெறிமுறைகளுக்கெல்லாம் இடம் போயிருக்கிறது. இணைய முகவரி முறையான ஐபியின் பதிப்பு 6 அப்போது பிறக்கவே இல்லை. உங்கள் மோடத்தில் இருக்கும் சிம் கார்டுக்கு அநேகமாகப் பதிப்பு 6 முகவரிதான் கிடைக்கும். பதிப்பு 4 கிடைத்தாலும் அது பலர் பங்கு போட்டுக்கொள்ளும் முகவரியாக இருக்கும். எனவே பெயரை முகவரியாக மாற்ற கெட்அட்ரின்ஃபோ என்ற அழைப்பைக் கற்றுத்தரும் புத்தகம்தான் வேண்டும். கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற பழைய அழைப்பை மட்டும் வைத்து உதாரணம் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு நகருங்கள். இது என்னுடைய இரண்டாவது சோதனை.

ஸ்டீவன்ஸ் முதல் பாகத்தின் இரண்டாம் பதிப்பு 1998. அடுத்த ஆண்டே, 1999 செப்டம்பர் 1-ல், அவர் இறந்துவிட்டார். வயது ஐம்பதைத் தொடவில்லை. 2003-ல் வந்த மூன்றாம் பதிப்பை பில் ஃபென்னரும் ஆண்ட்ரூ ருடாஃபும் புதுப்பித்தார்கள். வாங்கினால் மூன்றாம் பதிப்பு. இந்திய மறுபதிப்பைத் தேடுங்கள், வெளிநாட்டுப் பதிப்பின் விலையில் ஒரு பங்குதான் இருக்கும்.

முதல் நாளே மனம் உடையாமல் இருக்க இரண்டு எச்சரிக்கை. புத்தகத்தில் உள்ள புரோகிராமை அப்படியே தட்டினால் ஓடாது. ஆசிரியர் தனக்கென ஒரு தலைப்புக் கோப்பும், முதல் எழுத்தைப் பெரியதாக வைத்து எழுதிய உறை ஃபங்ஷன்களும் வைத்திருக்கிறார். புத்தகத்தோடு வரும் மூலநிரலை இறக்கி முதலில் அதைக் கட்ட வேண்டும். அது முடிந்து முதல் உதாரணத்தை ஓடவிட்டால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரும். அது 13-ஆம் போர்ட்டில் நேரம் சொல்லும் சர்வரைத் தேடுகிறது. அந்தக் காலத்து யுனிக்ஸ் கணினிகளில் அது இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும், இன்று பெரும்பாலானவற்றில் ஓடாது. அடுத்த சில பக்கங்களில் அந்த சர்வரையும் எழுதக் கற்றுத்தருகிறார். அதை உங்கள் கணினியிலேயே ஓடவிட்டுவிட்டு முதல் உதாரணத்துக்குத் திரும்புங்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமே இதுதான். அருமையான புத்தகம், வாசற்படியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எஸ்சிடிபி என்ற இன்னொரு நெறிமுறை பற்றிய அத்தியாயங்களை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் லினக்ஸின் ஈபோல் அதில் இல்லை. அதற்கு மைக்கேல் கெரிஸ்க்கின் ‘தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்’ வேண்டும். 2010-ல் வந்தது, 1500 பக்கத்துக்கு மேல், செங்கல் கனம். 56 முதல் 61 வரை சாக்கெட், 63-ல் ஈபோல். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை நீண்ட காலம் பராமரித்தவர் என்பதால் ஒரு சொல்கூட வீணாக இருக்காது. ஆனால் அது இப்போது வேண்டாம். இரண்டு கருவிக்கு ஈபோல் எதற்கு.

மறையாக்கம், அதாவது தகவலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது பற்றி ஸ்டீவன்ஸ், கெரிஸ்க் இரண்டிலும் அநேகமாக இல்லை. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

தமிழ்வழி மாணவன் (மன்னார்குடி)

அக்கா, ஆங்கிலம் பற்றி நான் சொல்லலாமா? நானும் தமிழ்வழிதான், இப்போது எம்சிஏ படிக்கிறேன். நான் படித்தது பீஜ் எழுதிய வழிகாட்டி. பிரையன் ஹால் என்பது அவர் பெயர். இணையத்தில் முழுக்க இலவசம், தொண்ணூறுகளிலிருந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் பேசுவது போல எழுதுவார். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். சி மொழிதான், ஆனால் நீளம் குறைவு. நான் பஸ்ஸில் போகும்போது போனில் படித்தே முடித்தேன். அவரே நெட்வொர்க் அடிப்படைகளுக்கு இன்னொரு வழிகாட்டி பைத்தானில் எழுதியிருக்கிறார், அதுவும் இலவசம். உங்களுக்கு அது இன்னும் பொருத்தம்.

நான் படித்த விதம்: முதலில் புரோகிராமைத் தட்டி ஓடவிடுவேன். பிறகு ஒரு வரியை வேண்டுமென்றே நீக்குவேன். என்ன பிழை வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வரிக்கான பத்தியைப் படிப்பேன். அப்போது அந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கும் என்று பாதி எனக்கே தெரிந்திருக்கும், ஆங்கிலம் பயமுறுத்தாது. கூடவே ஒரு நோட்டில் சொற்களை எழுதி வைத்தேன். நூற்றிருபது சொல் வந்ததும் புதுச் சொல் வருவது அநேகமாக நின்றுவிட்டது. நெட்வொர்க் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவது அதே சொற்கள்தான் அக்கா. நீங்கள் அரை மணி நேரம் என்று சொல்வது முதல் ஐம்பது பக்கத்துக்குத்தான்.

அரசலாறு

இந்தப் பிள்ளை சொன்னதைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். வரியை நீக்கிப் பார்த்துவிட்டுப் பத்தியைப் படிப்பது என்பதை என் வகுப்பில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தம்பி, நன்றாக இருப்பாய்.

என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். குரோஸ் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கல்லூரி நூலகங்களில் தாராளமாக இருக்கும், பழைய மாணவி என்று சொல்லி இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களை அங்கேயே உட்கார்ந்து படித்துவிடலாம். சாக்கெட் பகுதிக்காக ஆறாம் பதிப்பாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

முத்துப்பேட்டை

பைத்தானிலேயே புத்தகம் வேண்டும் என்றால் பிராண்டன் ரோட்ஸும் ஜான் கோர்சனும் எழுதிய ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் பைத்தான் நெட்வொர்க் புரோகிராமிங்’ இருக்கிறது. 2014-ல் வந்த மூன்றாம் பதிப்பைப் பாருங்கள், அதுதான் பைத்தான் 3-க்கு. அதற்கு முந்தையது பைத்தான் 2, வேண்டாம். வெண்ணாற்றங்கரை அண்ணன் சொன்ன சோதனையை அதில் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க செய்தியை எங்கே வெட்டுவது, பிழை வந்தால் என்ன செய்வது என்பதுதான். தேறிவிட்டது.

சோதனையை என் கோ புத்தகத்துக்கும் போட்டேன், அதுவும் தேறியது. ஆனால் இப்போது ஒத்துக்கொள்கிறேன், கோ மொழி நிறைய விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்வதால் அடியில் என்ன நடக்கிறது என்று நான் இரண்டு வருடம் யோசிக்கவே இல்லை. ஒருநாள் சர்வரை நிறுத்தி உடனே வேறொரு மொழியில் எழுதியதை அதே போர்ட்டில் ஓடவிட்டபோது முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்தது. மூடிய இணைப்பு டைம்-வெயிட் நிலையில் கொஞ்ச நேரம் கிடக்கும் என்பதும், கோ எனக்குத் தெரியாமலே அதற்கான சாக்கெட் விருப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. தங்கச்சி உள்ளே பார்க்க ஆசைப்படுவது நியாயம்.

தென்னந்தோப்பு (பேராவூரணி)

புத்தகம் பற்றிய பேச்சு என்பதால் ஒன்று சேர்க்கிறேன். இலவசமாக இணையத்தில் இருக்கிறதே, பிடிஎஃப் இருக்கிறதே என்று எல்லாரும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை கடந்தது. எங்கள் தோப்பில் நூற்றுக்கு மேல் மரம் போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது. டவரும் இல்லை. எனக்கு டிசம்பரில் ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. லேப்டாப்பில் நாற்பது புத்தகம், எதையும் திறக்க வழியில்லை. கையில் இருந்தது மாமா பையன் விட்டுப்போன ‘டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்’ முதல் பாகம், 1994-ல் ஸ்டீவன்ஸ் எழுதியது. பகலில் மரம் வெட்டினோம், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை திண்ணையில் அதைப் படித்தேன். போகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபி டம்ப் என்ற புரோகிராம் காட்டும் வரிகளை அச்சிலேயே கொடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டாக விளக்கும் புத்தகம் அது. கணினி இல்லாமலே பாக்கெட் ஓடுவதைப் பார்க்க முடிந்தது. பென்சிலால் வரிசை எண்களைக் கூட்டிக் கூட்டிச் சரிபார்த்தேன்.

2011-ல் கெவின் ஃபால் புதுப்பித்த பதிப்பு வந்துவிட்டது, விஷயம் அதில்தான் புதிது. ஆனால் எனக்கு அந்தப் பழையதுதான் கையோடு இருக்கிறது. ஒரு புத்தகமாவது தாளில் வாங்குங்கள்.

கடைமடை

எல்லார் பதிலையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பீஜின் பைத்தான் வழிகாட்டியை இன்று ராத்திரி தொடங்குகிறேன். ஸ்டீவன்ஸ் மூன்றாம் பதிப்பின் இந்திய மறுபதிப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பழைய பிரதிதான், 600 ரூபாய். படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடைமடை (ஒன்பது வாரம் கழித்து)

திரும்பி வந்துவிட்டேன். சர்வர் நாற்பத்தொரு நாளாக நிற்காமல் ஓடுகிறது. இடையில் தலைப்பு மதகில் ஒன்பது தடவை கரண்ட் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடத்தில் பழைய இணைப்பை மூடிவிட்டு, கரண்ட் வந்ததும் புது இணைப்பை எடுத்துக்கொண்டது. மட்டம் 30-ஐத் தாண்டினால் அப்பாவின் போனில் மணி அடிக்கும். போன முறைக்கு அவர் முதல் தடவையாக மணி அடித்த பிறகு எழுந்து போனார். மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, நேராக எங்கள் மடைக்கு.

பீஜ் முடித்துவிட்டேன். மன்னார்குடித் தம்பி சொன்னது உண்மை, என் நோட்டில் நூற்று முப்பத்தைந்து சொல்லோடு நின்றது. ஸ்டீவன்ஸில் ஐந்தாம் அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். சர்வர் கணினி விழும் பகுதியைப் படிக்கும்போது என் லேப்டாப்பையும் வீட்டில் என் தம்பியின் லேப்டாப்பையும் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு, தம்பி லேப்டாப்பின் வைஃபையை நடுவில் அணைத்தேன். என் பக்கம் ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. முதலில் சட்டென்று, அப்புறம் இடைவெளி இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூடிக்கொண்டே போனது. அரசலாறு சார் சொன்ன மதகு இறக்கும் கதை கண் முன்னால் ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது பக்கத்து மூன்று வாய்க்கால்காரர்களும் தங்கள் மதகிலும் வைக்கச் சொல்கிறார்கள். மொத்தம் ஏழு கருவி ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனி நூல் வைப்பதா, ஒரே நூலிலேயே எல்லா இணைப்பையும் கவனிக்க, ஆறாம் அத்தியாயத்தில் உள்ள செலக்ட் வைப்பதா?

வெண்ணாற்றங்கரை

ஏழுக்கு எதை வைத்தாலும் ஓடும். ஆனால் செலக்டில் எழுதுங்கள், ஆறாம் அத்தியாயம் கையில் இருக்கும்போதே. எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெட்டாமல் மிச்சமிருக்கும் பைட்டுகளை இணைப்புக்கு ஒன்றாகத் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வைத்தால் தலைப்பு மதகின் 4-ம் நடு மதகின் 2-ம் சேர்ந்து புது 42 பிறந்துவிடும். அது 4243 போலக் கண்ணில் படாது. டைம்அவுட்டும் அப்படியே, ஒவ்வொரு இணைப்புக்கும் கடைசியாக எப்போது பேசியது என்று குறித்து வைக்க வேண்டும்.

செலக்டுக்கு லினக்ஸில் 1024 என்ற வரம்பு இருக்கிறது. ஏழிலிருந்து அங்கே போக உங்கள் வட்டம் முழுக்கச் சேர வேண்டும். அன்றைக்குக் கெரிஸ்க்கின் செங்கலை நானே பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைமடை

சரி அண்ணா. இணைப்புக்கு ஒரு சேமிப்பு, இணைப்புக்கு ஒரு கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை எழுதிவிட்டு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.